தையல்நாயகிக்கு இரண்டு ஓலை

தையல்நாயகி செத்து எழுபத்தோரு நாள் ஆகியிருந்தது. அன்றைக்குக் காலையிலும் வழக்கம்போல வாசலைப் பெருக்கினாள். அடுப்பை மூட்டினாள். கொல்லைப்பக்கம் போய்த் தென்னங்கன்றின் மேல் பனியில் நனைந்து கிடந்த கம்பளியை உருவிவிட்டு, காய்ந்த கம்பளி ஒன்றைப் போர்த்தினாள். பிறகு அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னங்க, நேத்து இருந்த மாதிரியேதான் இருக்கு இது."

"முந்தாநேத்தும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார் வைரக்கண்ணு.

வைரக்கண்ணு அவள் புருஷன். அந்த மலை ஊரில் தேயிலை ஆலையொன்றில் முப்பத்திரண்டு வருஷம் இலை உலர்த்தும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். லட்சக்கணக்கான இலையைக் கருக்கிய மனுஷனுக்கு ஒரே ஓர் இலையைப் பச்சையாக வளர்க்கத் தெரியவில்லை. என்னத்தைச் சொல்ல.

இருவருக்கும் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். அங்கே தென்னை தானாக வளரும். யாரும் அதைக் கெஞ்சுவதில்லை.

மலை ஊரில் ஒரு சட்டம் இருந்தது. செத்தவர்கள் அவரவர் ஊர் மரத்தில்தான் போக வேண்டும். பேராவூரணிக்காரர்கள் என்றால் தென்னை. இரண்டு பச்சை ஓலையைக் கீற்றாக முடைந்து, மூங்கிலில் பாடை கட்டி, அதன்மேல் படுத்தால்தான் கண் மூடும். அதுவரைக்கும் செத்தவர் வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பாடையில் ஏறாமல் மலையை விட்டு இறங்கவும் முடியாது. பசி இருக்காது. தூக்கம் வராது. குளிர் மட்டும் அப்படியே இருக்கும்.

தையல்நாயகி எழுபத்தோரு நாளாக ஒரு பொட்டுக் கண் மூடவில்லை. ராவெல்லாம் வீட்டைப் பெருக்குவாள். விடிந்ததும் மறுபடி பெருக்குவாள்.

"சொர்க்கம் கிர்க்கம்லாம் வேணாங்க," என்பாள். "செத்த நேரம் கண்ணு அசந்தாப் போதும்."

ஊரிலிருந்து அவள் அக்கா மகன் நீலமேகம் பஸ்ஸில் ஓலை அனுப்பத்தான் செய்தான். பச்சைப்பசேலென்று ஏற்றிவிட்டான். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஓலை வாடியது. ஆறாவது வளைவில் பழுத்தது. ஒன்பதாவது வளைவைத் தாண்டியதும் துடைப்பமாகிவிட்டது. கண்டக்டர் துடைப்பத்தைத்தான் இறக்கிக் கொடுத்தார். மூன்று தடவை அனுப்பினான். மூன்று துடைப்பம் வந்தது. இரண்டைப் பக்கத்து வீட்டுப் போஜனிடம் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதை வைத்துத்தான் அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள். அதுவும் தேய்ந்து ஒரு சாண் ஆகியிருந்தது.

அதனால்தான் கன்று. விதைத் தேங்காய் எப்படியோ வாடாமல் வந்து சேர்ந்துவிட்டது. மூன்றடிக் குழி வெட்டினார். அடியில் உப்பும் மணலும் கொட்டினார். நாலு இலை விட்டது. அப்புறம் நின்றுவிட்டது. இலைகளும் பிரியாத இலைகள், வாழைக்குருத்து மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன.

போஜன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். போஜன் அந்தத் தெருவின் வெப்பமானி. பாதத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு உடம்பில் ஏறும், இறங்கும். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான்.

"இன்னிக்கு முட்டிக்குக் கீழதான் அண்ணா."

"தென்னைக்கு எது வரைக்கும் வேணும் போஜா?"

"கழுத்து வரைக்கும். எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல இடுப்பைத் தாண்டினதே இல்ல."

வைரக்கண்ணுக்கு அழுகை வந்தது. ஆனால் செத்தவளே அழாமல் இருக்கும்போது உயிரோடு இருக்கிறவர் அழுவது மரியாதை இல்லை என்று உள்ளே போய்ச் சட்டையை மாட்டினார்.

இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். இறப்பையும் தோட்டத்தையும் ஒரே மேசையில் பார்க்கிற அலுவலகம் அது. மேசை ஒரு நீளமான நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது. நடக்க நடக்க நடை நீண்டது. தையல்நாயகிக்கு மூச்சு வாங்கவில்லை. அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"நடக்காதீங்க, நீளறது அதுக்குப் பழகிடும்!" என்று தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

நின்றார்கள். மேசை அவர்களிடம் வந்தது. அதன் பின்னால் ஆய்வாளர் குணசுந்தரி உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யார் செத்தது?"

"நாந்தாங்க," என்றாள் தையல்நாயகி.

"சாட்சி?"

"இவருதான் பாத்தாரு. பக்கத்துலதான் இருந்தாரு."

"ஓலை பிரிஞ்சுடுச்சா?"

"இல்லீங்க மேடம். நாலு எலையோட நிக்குது," என்றார் வைரக்கண்ணு. "குளிரு தாங்கல."

"பிரியாத ஓலையை முடைய முடியாது. வெப்பம் கேட்டு எழுதிக் குடுங்க."

"வெப்பம் இருக்குங்களா இங்க?"

"இங்க ஏது? உங்க வீட்ல உயிரோட யார் இருக்கா?"

"நான் ஒருத்தன்தான்."

குணசுந்தரி வெண்டைக்காய்ப் பிசுக்குக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அவர் நெற்றியில் புறங்கையை வைத்தாள். "முப்பத்தேழு டிகிரி. நல்லா வெச்சிருக்கீங்க. ஒரு நாளைக்கு ரெண்டு டிகிரி மரத்துக்குப் போகும். சம்மதமா?"

"சம்மதம்."

"எதுக்குங்க?" என்றாள் தையல்நாயகி. "வேண்டாங்க."

"நீ சும்மா இரு."

விண்ணப்பம் வந்தது. அதில் ஒரே ஒரு கட்டம். ஓலை யார் பெயரில்?

"எம்பேரை எழுதுங்க," என்று அவள் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "செத்தது நாந்தானே."

"எல்லாம் எனக்குத் தெரியும்."

ரேஷன் கார்டு அவர் பெயரில். கேஸ், கரண்டு, வீடு எல்லாம் அவர் பெயரில். நாற்பத்தோரு வருஷத்தில் எந்தக் கட்டத்திலும் அவர் அவள் பெயரை எழுதியதில்லை. வேண்டுமென்று இல்லை, கை அப்படிப் பழகிவிட்டது. கட்டத்தைக் கண்டதும் அது தானாகப் போய் வைரக்கண்ணு என்று எழுதியது, கீழே ஒரு கோடும் இழுத்தது. பாவி மனுஷன், ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தியிருக்கக் கூடாதா?

குணசுந்தரி முத்திரை குத்தினாள். "படிச்சுப் பாத்துட்டீங்களா?"

"இதுல படிக்க என்ன மேடம் இருக்கு."

மறுநாளிலிருந்து சூடு போகத் தொடங்கியது. முதல் நாள் காலில் மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் காபி ஆடை கட்டிவிட்டது. ஐந்தாம் நாள் அவருக்குப் பசிக்கவில்லை. ஆறாம் நாள் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். தூக்கம் போனதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசானால் அப்படித்தான் என்று நினைத்தார்.

கன்று என்னவோ வளர்ந்தது. தொட்டால் காய்ச்சல் கண்ட பிள்ளை மாதிரி கொதித்தது. நாலு நாளில் தண்டு விட்டது. எட்டாம் நாள் கூரையை எட்டியது. தையல்நாயகி கம்பளியை இலையிலிருந்து எடுத்துத் தண்டில் சுற்றினாள். சுற்றிவிட்டு வந்து புருஷன் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

"என்னங்க, ஏன் உங்க கை எங்கையி மாதிரி இருக்கு?"

"மார்கழி மாசம்ல."

"இது சித்திரைங்க. திருப்பிக் கேளுங்க அந்தம்மாகிட்ட."

"குடுத்தது குடுத்ததுதான். எத்தனை நாளைக்குத்தான் நீ முழிச்சுக்கிட்டே இருப்ப?"

"எனக்காகவா சொன்னேன்? நீங்க சூடா இருந்தப்ப, பக்கத்துல உக்காந்தா எனக்கு அரை மணி நேரம் தாங்கும். இப்ப அதுவும் போச்சு." அவள் துடைப்பத்தை எடுத்தாள். "வீம்பு புடிச்ச மனுஷன்."

அவருக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளாக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது பேச்சுத் துணைக்கு என்றுதான் நினைத்திருந்தார்.

பதினோராம் நாள் காலையில் கொல்லையில் ஒரு சத்தம் கேட்டது. புதுத்துணியைக் கிழிக்கிற சத்தம். ஐந்தாவது இலை நுனியிலிருந்து கிழிந்து, கிழிந்து, நடுநரம்பு வரைக்கும் பிரிந்தது. பின்னாலேயே ஆறாவதும் பிரிந்தது. இரண்டு ஓலை. பச்சை ஓலை. ஆட்டினால் பேராவூரணி மாதிரியே சலசலத்தது.

தையல்நாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். "வந்துடுச்சுங்க," என்றாள். "வந்தே வந்துடுச்சு."

ஓலையை அவர்தான் வெட்டி இறக்கினார். கீற்றை அவள்தான் முடைந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாளைக்கு நூறு கீற்று முடைந்தவள். மட்டையை நெடுக்கப் பிளந்து, காலால் மிதித்துக்கொண்டு, மேல் ஒன்று கீழ் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போனாள். தன் பாடையைத் தானே முடைகிறோம் என்கிற வருத்தம் அவளிடம் துளியும் இல்லை. முடையும்போது பேசிக்கொண்டே இருந்தாள். அரிசி எந்தத் தூக்கில், பருப்பு எந்தத் தூக்கில் என்று அவருக்குச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பசிக்காத மனுஷனுக்கு எதற்கு அரிசி என்று அவருக்கே அப்போது தோன்றவில்லை.

குணசுந்தரி வந்தாள். போஜனும் இன்னும் மூன்று பேரும் தூக்க வந்தார்கள். மூங்கிலில் கீற்றைக் கட்டினார்கள். தையல்நாயகி சேலையைச் சரிசெய்துகொண்டு ஏறிப் படுத்தாள்.

"அப்பாடி," என்றாள்.

இமை மெல்லக் கீழே வந்தது. எண்பத்திரண்டு நாளில் முதல் தடவையாக அவள் முகம் தளர்ந்தது. வைரக்கண்ணு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நிம்மதியாக இருந்தது.

"இறங்குங்கம்மா," என்றாள் குணசுந்தரி.

"என்ன மேடம்?"

"ஓலை வைரக்கண்ணு பேர்ல இருக்கு."

"அது நாந்தாங்க. நான் உயிரோட இருக்கேன்."

குணசுந்தரி புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். "பதினஞ்சு டிகிரி. கடைசியா எப்ப தூங்கினீங்க?"

அவர் யோசித்தார்.

"சாப்பிட்டது?"

அவர் பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் இங்க இருந்துக்கிறேன் மேடம். அவளை அனுப்பிடுங்க. பேரைத்தானே மாத்தணும்? குடுங்க, மாத்தி எழுதறேன்."

"மாத்தலாம். வீட்ல உயிரோட இருக்கறவர் கையெழுத்துப் போடணும். யார் இருக்கா?"

வீட்டில் யாரும் இல்லை.

தையல்நாயகி எழுந்து உட்கார்ந்தாள். "லேசா சொருகுச்சுங்க," என்றாள். "இப்பத்தான்."

"என்னைத் திட்டு நாயகி. நல்லா திட்டிடு."

"திட்டி என்ன ஆவப்போவுது. படுங்க."

அவர் படுத்தார். அவள் கொல்லைக்குப் போய்த் தென்னையின் தண்டில் சுற்றியிருந்த கம்பளியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள். மரம் அதற்குள் சில்லிட்டுவிட்டது. பழைய நாலு இலையோடு புதுக் குருத்து ஒன்றும் பிரியாமல் நின்றது. இனி அது பிரியாது. அதற்குக் கொடுக்க அந்த வீட்டில் சூடு இல்லை. கம்பளியை அவர்மேல் போர்த்தினாள்.

"காலு வெளிய தெரியுது," என்று இழுத்துவிட்டாள்.

தூக்கினார்கள். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து துடைப்பத்தின் சத்தம் கேட்டது. செத்தவர் போன பிறகு வீட்டைக் கழுவிப் பெருக்க வேண்டும். வேறு ஆள் இல்லாததால் அவளே பெருக்கினாள்.

சொந்த ஊர்ப் பக்கமாக மலைப்பாதையில் இறங்கினார்கள். சொருகிக்கொண்டு வந்த கண் ஒன்பதாவது வளைவில் விழித்துக்கொண்டது, கால் விரலில் சூடு உறைத்தது. ஆறாவது வளைவில் கம்பளி கசகசத்தது. மூன்றாவது வளைவில் வேர்த்துக் கொட்டியது. முன்னால் தூக்கிக்கொண்டிருந்த போஜனின் கழுத்தில் சிவப்புக் கோடு ஏறி நின்றது.

"போஜா, எனக்குச் சூடு திரும்பிடுச்சு. முப்பத்தேழு இருக்கும். திருப்புங்க, மேல போவோம். அவளுக்குக் குடுத்துடறேன்."

"மேல போனா போயிடும் அண்ணா."

"கொஞ்சம் கூடவா மிஞ்சாது?"

"மிஞ்சாது அண்ணா."

மலை முடிந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் தென்னை நின்றது. யாரும் போர்த்தவில்லை. யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. குலை தள்ளிக்கொண்டு தன் பாட்டுக்கு நின்றது. காற்றில் ஒடிந்து விழுந்த பச்சை ஓலைகள் வழியெல்லாம் கிடந்தன. மாடுகள் அவற்றை மிதித்துக்கொண்டு போயின. வைரக்கண்ணு எண்ணிப் பார்த்தார். ஊரையே தூங்கவைக்கலாம்.

டீக்கடை ஓரம் பாடையை இறக்கிவைத்தார்கள்.

"போஜா, நீ திரும்பிப் போவேல்ல?"

"சாயங்கால பஸ்ல போவேன் அண்ணா."

"அந்தா ரோட்டுல கெடக்குற ஓலையில ஒண்ணு எடுத்துட்டுப் போயி அவகிட்டக் குடு."

போஜன் தயங்கினான். "அண்ணா, ஒன்பதாவது வளைவு தாண்டினா அது துடைப்பமாயிடும்."

"தெரியும்," என்றார் வைரக்கண்ணு. "வீட்ல இருக்கறது தேஞ்சு போச்சு. ரொம்பக் குனிஞ்சு பெருக்குறா."