நானூறு சட்டைக்கு ஒரு கம்ப்யூட்டர்

பேருந்து நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து முன்பதிவுச் சீட்டு கொடுப்பதுதான் மாப்பிள்ளையின் வேலை. ஊர்ப் பெயரில் முதல் மூன்று எழுத்தைத் தட்டுவான், தேதியைத் தட்டுவான், இருக்கையைத் தேர்ந்தெடுத்துப் பெரிய பொத்தானை அமுக்குவான். பக்கத்தில் இருக்கும் பெட்டி சீட்டைத் துப்பிவிடும். ஒன்பது வருடமாக இதுதான். ஆனால் கல்யாணப் பேச்சின்போது பெரியம்மா ஒருத்தி "பையனுக்குக் கம்ப்யூட்டர்ல வேலை" என்று சொல்லிவைக்க, பெண் வீட்டில் அது அப்படியே நிலைத்துவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை. திருத்தவில்லை, அவ்வளவுதான்.

கல்யாணமான மூன்றாம் மாதம் மனைவியின் சித்தப்பா வீட்டுப் பிரிண்டர் மக்கர் பண்ணியது. இவனைக் கூப்பிட்டார்கள். இவனுக்கு வேறு வழி தெரியாமல் அதை அணைத்து, பத்து எண்ணிவிட்டு மறுபடி போட்டான். அது ஒன்றும் நடக்காததுபோல ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் விஷயத்தில் அவன் வைத்ததுதான் அந்தக் குடும்பத்தில் சட்டம்.

அதனால் ஒரு நாள் மாமியார் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தபோது அவனால் தப்பிக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை, நானூறு சட்டைக்கான கூலியைத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். அதுக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் வேணும். கடையில முழுசா வாங்கினா அறுநூறு சட்டை ஆகுது. தனித்தனியா வாங்கிச் சேர்த்தா கம்மியாகுமாமே. நீங்க இருக்கும்போது நான் எதுக்கு வெளியில போய்க் கேக்கணும்?"

மாமியார் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். முப்பது வருடமாக எந்தப் பொருளின் விலையையும் சட்டைக் கணக்கில்தான் பார்ப்பார். குக்கர் இருபது சட்டை, மின்விசிறி இருபத்தைந்து சட்டை. ஆர்டர் இல்லாத வாரங்களில் மிஞ்சிய துணியில் சின்னச் சின்னப் பொம்மைகள் செய்து, அவற்றை வெட்டும் மேசையில் நிறுத்தி, ஒரு விரல் அளவு நகர்த்தி நகர்த்திப் போனில் படம் எடுப்பார். படங்களை வேகமாகத் தள்ளினால் பொம்மை நடக்கும். இப்படி இரண்டாயிரம் படம் சேர்ந்ததும் போன் கையை விரித்துவிட்டது. அந்தப் படங்களையெல்லாம் ஒன்றாகக் கோத்து ஒரு குட்டிச் சினிமாவாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மகளைத் தவிர யாருக்கும் அதைக் காட்டியதில்லை.

"அதுக்கென்ன அத்தை, பாத்துக்கலாம்" என்று வாய் சொன்னது.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சிரித்தாள். அவளுக்கு உண்மை தெரியும். "தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே. தலையா போயிடும்?"

"தலை போகாது. மரியாதை போயிடும்."

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் டிபன் பெட்டி, ஒரு கையில் போன். வீடியோ வீடியோவாகப் பார்த்தான். பழைய டைரி ஒன்றில் எழுதிக்கொண்டான். முதல் மூன்று நாள் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான்காம் நாள், ஜன்னலுக்கு வெளியே பேருந்துகள் வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும்போது, மதர்போர்டு என்பது இந்தப் பேருந்து நிலையம் மாதிரிதான் என்று சட்டெனப் பிடிபட்டது. எல்லாம் இங்கே வந்துதான் போக வேண்டும். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. சீட்டுக்கு வரிசையில் நின்ற ஒருவர், "என்ன தம்பி, தானா சிரிக்கறீங்க?" என்று கேட்டார்.

பத்தாம் நாள் டைரியோடு மாமியார் வீட்டுக்குப் போனான். வெட்டும் மேசையில் ஒரு பழுப்புத்தாளை விரித்து, மாமியார் சாக்கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஒவ்வொண்ணா சொல்லுங்க. ராம்னா என்ன?"

"நீங்க துணி வெட்டற மேசை மாதிரி அத்தை. மேசை பெருசா இருந்தா ஒரே நேரத்துல நிறைய துணியை விரிச்சு வெச்சு வேலை பாக்கலாம். சின்னதா இருந்தா ஒண்ணை மடிச்சு வெச்சுட்டுத்தான் இன்னொண்ணை எடுக்கணும்."

"அந்த எஸ்எஸ்டி?"

"அது பீரோ. மடிச்சு உள்ள வெக்கறது."

"அப்போ மேசையில கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ரெண்டாயிரம் படம் விரிக்கணும்" என்று சொல்லி ராமுக்கு நேராக நாற்பத்தைந்து சட்டை என்று எழுதினார். தான் சொன்னது இன்னொருவருக்குப் புரிந்த சந்தோஷத்தில் அவனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

மதர்போர்டு எழுபது, எஸ்எஸ்டி நாற்பது, மின்சாரம் கொடுக்கும் பெட்டி முப்பத்தைந்து, எல்லாவற்றையும் உள்ளே வைக்கிற கேபினெட் முப்பது, திரை எண்பது, கீபோர்டும் மவுஸும் பத்து, ஸ்பீக்கர் பத்து. கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசர் தொண்ணூற்றைந்து. கூட்டினால் நானூற்றுப் பதினைந்து.

"நானூறுன்னா நானூறுதான்" என்றார் மாமியார்.

அவன் டைரியைப் புரட்டினான், போனைத் துழாவினான். அதே பிராசசர், அதே வேகம், பெயரின் கடைசியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். விலை எண்பதுதான். ஒரு எழுத்துக்குப் பதினைந்து சட்டை மிச்சம். கணக்கு நானூற்றில் கச்சிதமாக வந்து நின்றது. "உங்க மூளையே மூளை மாப்பிள்ளை" என்று மாமியார் சொன்னபோது, அந்த எழுத்து எதற்காக இருக்கிறது என்று பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை கடைக்குப் போனார்கள். குறுகலான படி ஏறிப் போக வேண்டிய மாடிக் கடை. தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள். விற்பனைக்காரர் பட்டியலைப் பார்த்துவிட்டு, கண்ணாடி வைத்த ஒரு கேபினெட்டைத் தட்டிக்காட்டினார்.

"இதைப் பாருங்க மேடம். உள்ள லைட் எரியும். பதினாறு கலர்."

"லைட் எரிஞ்சா படம் வேகமா ஓடுமா?"

"அதில்ல மேடம். அழகா இருக்கும்."

"அப்போ வேண்டாம்பா. அழகை நான் பாத்துக்கறேன்" என்றார் மாமியார். விற்பனைக்காரர் மறுபேச்சு பேசாமல் சாதாரணக் கறுப்புப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவர் ஒவ்வொரு விலையாகச் சொல்லச் சொல்ல, மாமியார் அதைச் சட்டையாக மாற்றிச் சத்தமாகச் சொன்னார். கடைசிவரை விற்பனைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பில் மட்டும் சரியாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்டும் மேசை துடைக்கப்பட்டிருந்தது. ஒரு நூல் துணுக்குகூட இல்லை. பால் வண்டி ஓட்டும் மாமனார் காலைச் சுற்றை முடித்துவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவி கையேட்டைப் பிரித்து உரக்கப் படித்தாள். ஸ்க்ரூக்கள் பொத்தான் டப்பாவின் மூடியில் வரிசையாக இருந்தன.

பிராசசரை அதன் குழியில் வைத்து அவன் விரலால் அழுத்தப் போனான். "அமுக்காதீங்க. அதுவா போய் உக்காரட்டும்" என்று மாமியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அது உட்கார்ந்தது. ராம் 'டக்' என்று பொருந்தியபோது நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் விரல் நுழையாத மூலைகளில் இருந்த ஒயர்களை மாமியார் ஊசியில் நூல் கோக்கிற லாகவத்தில் மாட்டிவிட்டார். முடிக்கப் பகல் ஒரு மணி ஆயிற்று.

மாமியாரே பொத்தானை அமுக்கினார். விசிறிகள் சுழன்றன. பெட்டியின் முகப்பில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

அவன் தன்னிடம் இருந்த ஒரே வித்தையைச் செய்தான். அணைத்தான், பத்து எண்ணினான், மறுபடி போட்டான். கறுப்பு. ஒயரைக் கழற்றி மாட்டினான். கறுப்பு. ராமைக் கழற்றி மாட்டினான். கழுத்தில் வியர்வை வழிந்தது. மூன்று பேரும் பொறுமையாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொறுமைதான் அவனை உடைத்தது.

"அத்தை, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது."

"என்னது?"

"நான் டிக்கெட் குடுக்கறவன். நாலு பொத்தான்தான் தெரியும். அந்தப் பிரிண்டர்கூட அதுவா ஓடினதுதான். உங்க நானூறு சட்டையை வீணாக்கிட்டேன்."

மாமியார் மெதுவாகக் கேட்டார். "தெரியாமலேயா இத்தனையும் சேர்த்தீங்க?"

"ஆமா அத்தை."

"அந்த மேசை, பீரோ எல்லாம்?"

"அது போன வாரம் தெரிஞ்சுக்கிட்டது."

மாமியார் தையல் மெஷின் முக்காலியில் போய் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவன் பதறிப்போனான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ரெண்டு வருஷமா, கம்ப்யூட்டர் படிச்ச மாப்பிள்ளைகிட்ட என்னத்தைப் பேசறதுன்னு பயந்துக்கிட்டே காபியை வெச்சுட்டு உள்ள ஓடிட்டிருந்தேன்" என்றார். "நான் தைச்ச முதல் சட்டைக்கு ரெண்டு கையும் இடது கை. தெரியுமா?"

"நாலு மாசம் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார் மாமனார். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருமாகக் கையேட்டைக் குடைந்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் அவனுக்குப் பயம் போய்விட்டது. தெரியாதவன் என்று ஆனபிறகு எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மாமியாரோடு கடைக்குப் போனான். கடையின் பின்பக்கம், கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு ஒரு பெண் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். திரை கறுப்பாகவே இருப்பதைக் கேட்டுவிட்டு, பில்லை ஒரு நொடி பார்த்தார்.

"கடைசியில இந்த எழுத்து இருக்கு பாருங்க. இந்த எழுத்து இருந்தா, பிராசசருக்குள்ள திரைக்குப் படம் அனுப்பற பகுதி கிடையாதுன்னு அர்த்தம். தனியா ஒரு கிராபிக்ஸ் கார்டு போடணும். உங்க மிஷின்ல வேற கோளாறு இருக்காது. இது தெரியாம வாரத்துக்கு ரெண்டு பேராவது வருவாங்க."

வாரத்துக்கு இரண்டு பேர் என்றதும் அவனுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

"அந்தக் கார்டு எத்தனை சட்டை?" என்றார் மாமியார்.

மாப்பிள்ளை நடுவில் புகுந்து கணக்கை விளக்கினான். பழுதுக்காரப் பெண் சிரித்துவிட்டு, அலமாரியிலிருந்து பழைய கார்டுகள் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் ஓட்டிப் பார்த்துச் சோதிக்கப்பட்டவை, இரண்டும் பத்துச் சட்டைதான். ஒன்று நீளம், இரண்டு விசிறி. இன்னொன்று குட்டை. பில்லில் இருக்கும் ஸ்பீக்கரைப் பெட்டி பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்றார். ஒரே விலைக்கு இரண்டு விசிறியா என்று மாப்பிள்ளையின் கை நீளமானதன் பக்கம் போனது.

"இருங்க" என்றார் மாமியார். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து நீளமான கார்டின் மேல் வைத்தார். "ஒன்பதரை அங்குலம். நம்ம பெட்டிக்குள்ள இருக்கறது எட்டே முக்கால். எதுக்கும் இருக்கட்டும்னு காலையிலேயே உள் அளவு எடுத்துட்டுதான் வந்தேன்."

பழுதுக்காரப் பெண் நாடாவையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேலை வேணும்னா சொல்லுங்கம்மா. இங்க ஆள் எடுக்கறாங்க" என்றார்.

குட்டைக் கார்டோடு வீட்டுக்கு வந்தார்கள். இந்தத் தடவை அவனுக்குக் கையேடு தேவைப்படவில்லை. இரண்டு நிமிடத்தில் மாட்டினான்; திரையின் ஒயரைப் புதிய கார்டில் செருகினான். மாமியார் பொத்தானை அமுக்கினார். ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடின.

மனைவி இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அவனுக்கு அன்றுவரை தெரியாது. மாமியார் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல், "வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மூன்று வாரம் அவன் வேலை முடிந்ததும் நேரே அங்கேதான் போனான். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை ஏற்றினார்கள். மாமியாரும் மருமகனும் தோளோடு தோள் உட்கார்ந்து, எந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, தப்புத்தப்பாக அமுக்கிக் கற்றுக்கொண்டார்கள். இரண்டாயிரம் படங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. ஒரு சனிக்கிழமை மாலை முதல் தடவையாக ஓட்டினார்கள். சீருடைக் கால்சட்டைத் துணியில் செய்த சாம்பல் நிறக் கழுதை ஒன்று தையற்கடைக்கு வருகிறது. கோட்டு தைத்துத் தரச் சொல்கிறது. நாலு கால் இருப்பதால் தையற்காரர் இரண்டு மடங்கு கூலி கேட்கிறார். கழுதை மனமொடிந்து போய் வாசலில் உட்காருகிறது. இரண்டு நிமிடம் இருபது நொடி. மாமனார் நான்கு தடவை பார்த்தார். ஸ்பீக்கர் இல்லாத குறைக்குத் தன் ரேடியோவைக் கொண்டுவந்து, அவரே ஒயர் வைத்துக் கம்ப்யூட்டரோடு இணைத்தும் கொடுத்தார்.

இனிச் சத்தம் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. மெஷின் சத்தம் வீட்டிலேயே இருந்தது. தையற்காரர் குரலுக்கு மாமனாரைப் பிடித்தாயிற்று. மாமியார் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எதையோ மென்று விழுங்கினார்.

"என்ன அத்தை?"

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலை மாப்பிள்ளை. கழுதைக்கு ஒரு குரல் வேணும். வீட்டுல வேற ஆம்பளை இல்ல. சொல்றதுக்கே எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் எழுந்து நின்றான், சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான், மாமியாருக்கு முன்னால் இரண்டு வருடமாகக் குரலை உயர்த்தியே பேசாத மாப்பிள்ளை, அடிவயிற்றிலிருந்து கத்தினான். தெருவில் போன ஒரு சைக்கிள் நின்றது.

மாமியார் போனில் பதிவானதைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. ஆனாலும் தொழில்காரி தொழில்காரிதான்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை. ஆனா இன்னும் கொஞ்சம் சோகமா இருக்கணும். கோட்டு கிடைக்காத கழுதை இல்லையா?"

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.