புட்டுக்குழலுக்குள் போன காற்று

“அப்ப, வெளியிலை போற புகைதான் அதைச் சுத்துது எண்டுறீர்?”

“ஓம் அண்ணை. வீணாப் போற புகைதான். அது ஒரு பக்கத்துச் சில்லைச் சுத்தும். அதே தண்டிலை மற்றப் பக்கமும் ஒரு சில்லு இருக்கு. அது வெளிக்காத்தை இழுத்து எஞ்சினுக்குள்ளை அமத்தும். காத்துக் கூடினால் டீசல் வடிவா எரியும்.”

“பதினெட்டுக் குதிரை வலு எத்தினையாகும்?”

“இருபத்தஞ்சுக்குக் கிட்ட வரும்.”

“ஏழு குதிரை சும்மா வருதோ? வெறும் புகையிலை?”

“ஓம்.”

“என்ரை மனுசி ஒரு நாளைக்கு மூண்டு தரம் சாம்பிராணி காட்டுறா. அந்தக் கணக்கிலை இந்த வீட்டிலை இவ்வளவுக்கு ஒரு குதிரைப் படையே நிண்டிருக்க வேணுமே, தம்பி.”

சொன்னவர் ஏரம்பமூர்த்தி. லா சப்பலில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னால் உள்ள முற்றத்தில், கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு சின்ன டிராக்டர், மூடி கழற்றப்பட்டு, பல்வைத்தியரிடம் வந்த ஆளைப் போல வாயைத் திறந்துகொண்டு நின்றது. தெரு வாசலின் வளைவுக்குள்ளால் அதை உள்ளே கொண்டு வந்தபோது இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளிதான் இருந்தது. எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு பதில் சொன்னவன் சுகந்தன்.

பாரிஸ் நகரத்தின் நடுவில் ஒரு மனிதருக்கு டிராக்டர் எதற்கு என்று கேட்கலாம். ஆவணியில் பிள்ளையார் தேர் வீதிக்கு வரும். தேருக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கியையும் ஜெனரேட்டரையும் வைத்த சில்லுப் பெட்டியை இழுத்துப் போகும் பொறுப்பை அந்த வருடம் ஏரம்பமூர்த்தி கேட்டு வாங்கியிருந்தார். கார் கட்டி இழுத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். டிராக்டர் என்றால் ஊரே பார்க்கும். வாங்கினார். ஊரும் பார்த்தது. வெள்ளோட்டத்தன்று ரயில் பாலத்தடி ஏற்றத்தில், தாங்கி நிறையத் தண்ணீரோடு டிராக்டர் மூச்சு வாங்கி நின்றுவிட, எட்டுப் பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். எதிர்க்கடை வாமதேவன் வாசலில் நின்றபடி, “தேருக்கு வடம் இருக்கு. உங்கடை றக்டருக்கும் ஒண்டு கட்டுவமோ, ஏரம்பு அண்ணை?” என்று கேட்டார். அன்றிரவு ஏரம்பமூர்த்தி சாப்பிடவில்லை.

அவருக்கு அது மானப் பிரச்சினை. சுகந்தனுக்கோ அதைவிடப் பெரிய பிரச்சினை.

சுகந்தன் வன்னியில் மெக்கானிக்காக இருந்தவன். பெற்றோலே வராத யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓட வைத்தவன். இங்கே வந்து நான்கு வருடமாக ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். அவன் கைகள் எந்த நேரமும் எலுமிச்சைச் சவர்க்காரம் மணத்தன. சில நாட்களில், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டே அதன் உருளையில் எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். கேட்கத்தான் யாரும் இல்லை.

அந்த டிராக்டரை விற்றவள் மார்கிரட் என்கிற பிரெஞ்சுக்காரி. பாரிஸுக்கு வடக்கே, கூசேன்வில்லுக்கு அப்பால், வயல்கள் தொடங்கும் இடத்தில், விவசாய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறவள். வயது அறுபது. ‘என்னிடம் ஒரு பெடியன் இருக்கிறான், இதற்கு டர்போ பூட்டப்போகிறான்’ என்று ஏரம்பமூர்த்தி மகளின் வாயால் தொலைபேசியில் அளந்தபோது, இருமல் வரும்வரை சிரித்தாளாம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ‘பூட்டி ஓட வைத்தால் அவனை எனக்குக் காட்டு. எனக்கு ஓர் ஆள் வேண்டும்’ என்றாளாம்.

அந்த ஒரு வசனத்தைத்தான் சுகந்தன் மூன்று வாரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மதியக் கோப்பைகளுக்கும் இரவுக் கோப்பைகளுக்கும் நடுவே கிடைக்கிற மூன்று மணி நேரத்தில் வேலை நடந்தது. புகையில் சுற்றும் அந்த டர்போ, பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில் நசுங்கிக் கிடந்த ஒரு சின்னக் காரிலிருந்து வந்தது. உள்ளங்கையில் அடங்கும் இரும்பு நத்தை. ஏரம்பமூர்த்தியின் மகள் ஆரணி அதைப் பார்த்து, “பப்பா, இதுக்கு உள்ளி வெண்ணெய் போடேல்லையோ?” என்றாள், பிரெஞ்சுக்காரர் நத்தையைப் பூண்டும் வெண்ணெயும் போட்டுச் சாப்பிடுவதை நினைத்து. புகைக்குழாயில் அதைப் பொருத்தத் தடித்த இரும்புத் தகடு ஒன்றை அறுத்துத் துளையிட்டான். எண்ணெய் போகச் செம்புக் குழாய், எண்ணெய் திரும்பி இறங்க இன்னொன்று. எல்லாம் சரிவந்தது. நத்தையிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டு போகும் குழாய் மட்டும் சரிவரவில்லை. இரண்டு முனைக்கும் ரப்பர் முழங்கை இருந்தது. நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு நேரான, மெல்லிய, துருப்பிடிக்காத குழாய் வேண்டும்.

சுகந்தன் மூன்று நாள் தேடினான். நான்காம் நாள் பிற்பகல் தேநீர் குடிக்க ஏரம்பமூர்த்தி வீட்டுக் குசினிக்குள் போனவன், கோப்பையை வாயருகே வைத்தபடியே அப்படியே நின்றான். அலமாரியில் ஏரம்பமூர்த்தியின் மனைவி தவநாயகி அக்காவின் புட்டுக்குழல்.

கடையில் விற்பனைக்கு இருபத்திரண்டு புட்டுக்குழல்கள் இருந்தன. ஒன்றும் அளவில்லை. எல்லாம் புதுக்காலத்துத் தடியன்கள். தவநாயகியின் குழல் ஒல்லி. சீதனச் சாமான்களோடு சுன்னாகத்திலிருந்து வந்தது.

“குழல் தாறன்,” என்றாள் தவநாயகி, குழலைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி. “ஆனால் அது என்ரை சாமான். அது முதல் முதல் வேலை செய்யிற நேரத்தை நான்தான் பாத்துச் சொல்லுவன். பூசையும் நான்தான் செய்வன். சம்மதமோ?”

“ஓம் அக்கா,” என்றான் சுகந்தன். குழல் கிடைத்த சந்தோஷத்தில் அவன் எதற்கும் ஓம் சொல்லியிருப்பான்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மார்கிரட் மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவள், ரயிலில் ஏதோ கோளாறு என்று நாலு பத்துக்குத்தான் வந்து சேர்ந்தாள். வெள்ளைச் சட்டை, ஆண்களுடைய சப்பாத்து. போஞ்சூர் சொல்லி எல்லோருக்கும் கைகொடுத்தாள். சுகந்தனின் கையை மட்டும் திருப்பி நகங்களைப் பார்த்தாள். நகங்களில் கறுப்பு இருந்தது. தலையை ஆட்டினாள். நான்கு வருடத்தில் யாரும் அவனை இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

எயர் பில்டரைப் பூட்டும் வேலை மட்டும் மிச்சம் இருந்தது. அது காற்றை வடிகட்டும் பெட்டி. பூட்டினால்தான் நத்தையின் வாய் மூடும். பில்டர் கையில், திருகாணி வாயில், சுகந்தன் குனிந்தான்.

“என்ன செய்யிறீர்?” என்றாள் தவநாயகி. கையில் மாலை, தட்டு, தேசிக்காய்.

“பில்டர் அக்கா. பத்து நிமிசம்.”

“நாலரைக்கு இராகு காலம் துடங்குது. இப்ப நாலு இருபத்தஞ்சு. முதல் ஸ்டாட் பண்ணும், பிறகு என்னத்தையும் பூட்டும்.”

“அக்கா, வாய் திறந்திருக்கு...”

“நீர் அண்டைக்கு என்ன சொன்னனீர்? ஓம் எண்டு சொன்னனீரோ இல்லையோ?”

சுகந்தன் மார்கிரட்டைப் பார்த்தான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இராகு காலம் முடிய ஆறு மணி ஆகும். அதுவரை இந்தப் பெண் நிற்பாளா? போனால் திரும்பி வருவாளா? ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்று அவனுக்குள் இருந்த கோப்பை கழுவுகிறவன் சொன்னான். மெக்கானிக் நத்தையின் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பில்டரைக் கீழே வைத்தான்.

தவநாயகி நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாள், டிராக்டர் எங்கும் போகப்போவதில்லை என்றாலும். தன் புட்டுக்குழலுக்குத் திருநீற்றில் மூன்று குறி இழுத்தாள். செவ்வந்தி மாலையை ஸ்டியரிங் பிடியிலிருந்து குழல்வரை வளைத்துவிட்டாள். சுகந்தன் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் இருமியது. பிடித்தது. கறுப்புப் புகை கொஞ்சம் தள்ளிவிட்டு, ஒழுங்காக ஓடத் தொடங்கியது. சுகந்தன் மெல்ல வேகத்தைக் கூட்டினான். அப்போது அது கேட்டது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே, நாதஸ்வரக்காரர் தொடங்குவதற்கு முன் சுருதி பார்ப்பது போல, மெல்லிய விசில். மார்கிரட்டின் புருவம் உயர்ந்தது. கைவிரலால் இன்னும், இன்னும் என்று காட்டினாள். சுகந்தன் கூட்டினான். விசில் ஏறியது. ஏரம்பமூர்த்தி, “ஏழு குதிரை! ஏழு குதிரை!” என்று சத்தம் போட்டார்.

குதிரைகளுக்குப் பொட்டு வைக்கத்தான் தவநாயகி குங்குமத் தட்டோடு கிட்டே போனாள்.

தட்டிலிருந்த குங்குமம் ஒரு சிவப்புக் கயிறாக எழுந்து நத்தையின் வாய்க்குள் போனது. அதன் பின்னால் மாலை போனது. புற்றுக்குள் நுழையும் பாம்பு போல, நுனியிலிருந்து, அவசரமே இல்லாமல், முழுதாகப் போனது. ஒரு கணம் எல்லாம் நடந்து முடிந்தது போல இருந்தது. பிறகு ‘டப்’ என்று புட்டுக்குழல் ரப்பரிலிருந்து கழன்றது. உள்ளே போனதெல்லாம் அரைபட்டு, காற்றோடு சேர்ந்து, குழலுக்கு நேரே நின்ற மார்கிரட்டின் மேல் பொழிந்தது.

முற்றத்தைக் கரும்புகை மூடியது. தெருப்பக்கத்திலிருந்து வாமதேவனின் குரல் கேட்டது: “ஏரம்பு அண்ணை, தேர் இண்டைக்கோ?”

மார்கிரட் கையை நீட்டி எஞ்சினைத் தானே நிறுத்தினாள். தலையில் செவ்வந்தி இதழ்கள். நெற்றியிலிருந்து சட்டை வரை குங்குமம். வாயிலிருந்து ஒரு காம்பை எடுத்துப் பார்த்துவிட்டு எறிந்தாள். சட்டைப் பையிலிருந்து சின்ன டோர்ச்சை எடுத்து நத்தையின் வாய்க்குள் அடித்தாள். சில்லைச் சுற்றி மாலை நூல் இறுகிக் கிடந்தது. கீழே உருண்ட புட்டுக்குழலைக் கையில் எடுத்து ஏதோ கேட்டாள்.

“இது என்ன குழாய் எண்டு கேக்கிறா,” என்றாள் ஆரணி.

“யப்பானிலை இருந்து எடுப்பிச்ச ஸ்பெசல் பார்ட் எண்டு சொல்லு,” என்றார் ஏரம்பமூர்த்தி.

“அது என்ரை புட்டுக்குழல்!” என்றாள் தவநாயகி.

“ஆனால் பப்பா, புட்டுக்கு பிரெஞ்சிலை என்ன சொல்லுறது?” ஆரணி கைகளால் ஆவி பறப்பதைக் காட்டினாள், பிறகு சாப்பிடுவதைக் காட்டினாள். மார்கிரட் குழலை முகர்ந்து பார்த்தாள். பிறகு இன்னொரு கேள்வி. இந்த முறை குறுகியது.

“பில்டர் எங்கையாம். அதைப் பூட்டாமல் ஆர் ஸ்டாட் பண்ணினது எண்டு கேக்கிறா.”

ஏரம்பமூர்த்திதான் முதலில் தொண்டையைச் செருமினார். “பிள்ளை, இப்பிடிச் சொல்லு. எங்கடை ஆக்கள் பெரிய மனிசரைப் பூத்தூவித்தான் வரவேற்கிறது. குங்குமமும் மரியாதைக்குத்தான் எண்டு சொல்லு. எல்லாம் திட்டம் போட்டுச் செய்தது எண்டு சொல்லு.”

ஆரணி வாயைத் திறந்தாள்.

“தங்கச்சி, பொறும்,” என்றான் சுகந்தன். மார்கிரட்டைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னான். “அதைச் சொல்லாதையும். பில்டர் என்ரை கையிலை இருந்தது. நான்தான் பூட்டேல்லை எண்டு சொல்லும். இராகு காலத்தை இழுக்க வேண்டாம், அக்காவையும் இழுக்க வேண்டாம். குழலின்ரை விளிம்பை உருட்டி எழுப்பியிருந்தால் ரப்பர் கழண்டிராது. அதுவும் என்ரை பிழை.”

மார்கிரட் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். குங்குமம் கன்னத்துக்கும் பரவியது. அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவன் நீட்டிய விரல் குழலின் விளிம்பைத் தொட்டபோது, அவளும் அதே இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேலை தரச் சொல்லிக் கேக்க வேண்டாம், தங்கச்சி. அவவின்ரை பட்டறையிலை ஒருத்தராலையும் ஏலாமல் ஒதுக்கிப்போட்ட எஞ்சின் ஒண்டாவது கிடக்கும். அதை ஒரு அரை நாளைக்கு என்னட்டை விடுவாவோ எண்டு மட்டும் கேளும்.”