விளக்கை அணைத்த குளிர்காலம்

வடகோடியில் இருக்கும் எங்கள் ஸ்கார்வோய் தீவின் படகுத்துறையில் பெரிய விளக்குகள் நான்கு. ஜனவரியில் எங்களுக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கே கும்மிருட்டு. அந்த விளக்குகளை அணைக்கலாம் என்று துறைக் குழுவில் கை தூக்கிய ஐந்து பேரில் நானும் ஒருத்தி. இதை மறைத்துவிட்டு மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டுதான் கேமரா வந்தது. தெற்கே இருக்கும் ஒரு பயண நிறுவனம், மீன் வாங்கி வைக்கும் என் ஐஸ் கிடங்கின் கூரையில் அதைப் பொருத்தி, துறையையும் எதிரே உள்ள மலையையும் இணையத்தில் நாள் முழுக்கக் காட்டியது. எங்கெங்கோ வெயிலில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கள் பனியைப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் கிளம்பியும் வந்தார்கள். விடுதி நடத்தும் தூர்திஸ் என்னைக் கட்டிக்கொண்டாள். "மார்ச் வரைக்கும் ரூம் எல்லாம் புக் ஆயிடுச்சு யோருன்! உன் கூரைக்கு ஒரு முத்தம் குடுக்கணும்டி."

டிசம்பரில் நிறுவனத்திலிருந்து ஸிண்ட்ரே என்பவன் வந்து துறைக் குழுவின் முன் உட்கார்ந்தான். பளபளவென்று புதுச் சட்டை.

"விளக்கு வெளிச்சத்துல, வானத்துல பச்சையா ஆடுற துருவ ஒளி மங்கலாத் தெரியுதுன்னு புகார் வருது. மூணு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் அணைச்சாப் போதும். எல்லாரும் நெத்தியில விளக்கு மாட்டியிருக்கீங்கதானே?"

என் தம்பி அஸ்லாக் எழுந்தான். முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவன். "தம்பி, துறைச் சுவர்ல உறைஞ்ச இரும்பு ஏணியில, ஒரு கையில பையோட, இருட்டுல நீ என்னைக்காவது ஏறியிருக்கியா?"

"நீ கண்ணை மூடிக்கிட்டே ஏறுவியேடா" என்றாள் தூர்திஸ். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு கை தூக்கினோம்.

ஜனவரி ஒன்பது, மாலை நாலரை. வானம் முழுக்கப் பச்சை. அலுவலகக் கணினியில் கேமராவின் பக்கம் திறந்திருந்தது. அந்த நேரத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருப்பதாக மூலையில் ஓர் எண் காட்டியது. அஸ்லாக்கின் படகு உள்ளே வரும் சத்தம் கேட்டது. மீனை நிறுக்கத் தராசைத் தயார் செய்துவிட்டுக் காத்திருந்தேன். ஆள் வரவில்லை. மீன் பெட்டி தூக்கும் வண்டியை ஓட்டும் எய்ன்ரிடேயைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே போனேன்.

அவன் தண்ணீரில் இருந்தான். படகு இடிக்காமலிருக்கத் துறைச் சுவரில் கட்டியிருந்த டயரின் சங்கிலியை இடது கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். ஏணியில் கால் தவறி விழும்போது வலது கையால் ஒரு படியைப் பிடித்திருக்கிறான். படகு ஆடி வந்து அந்தக் கையைச் சுவரோடு நசுக்கிவிட்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நானும் எய்ன்ரிடேயும் கயிறு போட்டு இழுத்தோம். ஹெலிகாப்டர் வந்து கொண்டுபோனது. உயிர் தப்பியது. மூன்று விரல்கள் போய்விட்டன.

மறுநாள் அந்தப் பக்கத்தில் பார்த்தவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"யாரோ விழுந்த மாதிரி இருக்கே?"

"கடல்நாயா இருக்கும்."

"அந்தக் குட்டி வெளிச்சம் ஒருவழியா அணைஞ்சது, இப்பதான் வானம் அழகாத் தெரியுது."

குட்டி வெளிச்சம் என்பது என் தம்பியின் நெற்றி விளக்கு. பிரேசிலிலிருந்து ஒரு பெண் மட்டும் ஒன்பது முறை எழுதியிருந்தாள்: "மனுஷன் விழுந்துட்டான், யாராவது ஓடுங்க." பக்கத்தில் போட்டிருந்த எண்ணுக்கும் அவள் கூப்பிட்டிருக்கிறாள். நிறுவனம் நான்கு மணிக்கே மூடிவிடும். வடக்கை நேசிப்பதற்கு நன்றி என்று பதிவு செய்து வைத்த ஒரு குரல் சொல்லியிருக்கிறது.

படகை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அந்த எழுத்தையெல்லாம் அவனிடம் படித்துக் காட்டித் திட்டித் தீர்த்தேன். அஸ்லாக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவங்களுக்கு என்னை யாருன்னே தெரியாது. நீ எனக்கு அக்கா. நீ கை தூக்கினத நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

திரும்பி வந்ததும் ஸிண்ட்ரேயின் தொலைபேசி. "ரொம்ப வருத்தமா இருக்குங்க. பூ அனுப்பியிருக்கோம். ஆனா விளக்கு விஷயத்துல, சீசன் முடியற வரைக்கும் ஒப்பந்தம் இருக்கு, அதனால..."

போனை வைத்தேன். கூரைக்கு மின்சாரம் என் கிடங்கிலிருந்துதான் போகிறது. போய் வயரைப் பிடுங்கினேன். கொக்கியோடு கையில் வந்தது.

மாலையில் தூர்திஸ் மூச்சிரைக்க வந்தாள். "உனக்குப் பைத்தியமா? ரெண்டு பேர் ரூமை ரத்து பண்ணிட்டாங்க! விழுந்தது கஷ்டம்தான். அதுக்காக என் பொழைப்பைக் கெடுப்பியா?"

"அவன் வெரலு மூணு போச்சு தூர்திஸ்."

"வெளிச்சத்துலயும்தான் ஆளுங்க விழறாங்க!"

அவளைக் கிடங்கிலிருந்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள்.

குழு மறுபடி கூடியது. இணையத்திலிருந்து அழியும் முன்பே எய்ன்ரிடே அன்றைய கேமராப் பதிவை எடுத்து வைத்திருந்தான். சுவரில் ஓடவிட்டேன். பச்சை வானம், கறுப்பு மலை, கீழே ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் சரிந்து அணைகிறது. அதற்குப் பிறகு, நாங்கள் ஓடி வரும் வரை, பதினொரு நிமிடம் அழகான வானம். "போதும், நிறுத்து" என்றார்கள். "முழுசாப் பாருங்க. அவங்க பாத்தாங்கல்ல?" என்று கத்தினேன். முழுவதையும் பார்க்க வைத்தேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர் விளக்கு எரிய வேண்டும் என்றார்கள். தூர்திஸ் உட்பட இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அன்று மூன்று மணிக்குப் பிறகும் விளக்குகள் அணையாமல் எரிந்தன. நிறுவனம் கேமராவைக் கழற்றி வேறொரு தீவுக்குக் கொண்டுபோய்விட்டது.

ஏப்ரலில் அஸ்லாக், எய்ன்ரிடேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு கடலுக்குப் போனான். என்னிடம் சொல்லவில்லை. மீன் பெட்டிகள் தராசில் ஏறியபோதுதான் தெரிந்தது. எடையைச் சொன்னேன். இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டான். என் முகத்தைப் பார்க்காமல் நடந்து போனான்.