மீன் சூப்பின் மேல் விழுந்த பழி

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் போன் எடுப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஆனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ராமன் சார்தான். புதிதாக வந்தவர்கள் அதையே உண்மைப் பெயர் என்று நினைத்துக் கடிதத்தில்கூட எழுதிவிடுவார்கள். மானேஜர் ஒரு நாள் கேலியாக ‘சாப்பாட்டு ராமன்’ என்று சொல்லப்போக, நாளடைவில் முன்பாதி தேய்ந்து பின்பாதி மட்டும் நிலைத்துவிட்டது.

பட்டம் பொருத்தமானதுதான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கூரைக்கடியில் பதினோரு சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. எந்தக் கடையில் நூடுல்ஸைப் பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், எந்தக் கடையில் முட்டைச் சோறு இரண்டாவது சட்டியில்தான் பதமாக வரும், யார் சட்னியில் தண்ணீர் விட்டு ஒப்பேற்றுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கட்டடத்தின் ஐந்து மாடிக்காரர்களும் அவர் நாக்கை நம்பித்தான் மதியம் கீழே இறங்கினார்கள். விலையோ டீக்காசை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்தக் காசுக்கு அப்படியொரு சாப்பாடு வேறு எங்கே கிடைக்கும் என்று அவர் கேட்டால், பதில் சொல்ல ஆளில்லை.

அவருடைய சொந்த இடம் மூன்றாவது கடை. அங்கே மீன் சூப்பும் சோறும் மட்டும்தான். கடைக்கார அக்கா விடிகாலையிலேயே மீன் முள்ளையும் இஞ்சியையும் கொதிக்கப் போட்டுவிடுவாள். அவள் கணவர், மீசைக்காரர், பூண்டைப் பொன்னிறமாக வறுத்து டப்பாவில் வைத்திருப்பார். கிண்ணம் கையைச் சுடும். முதல் வாய் உள்ளே போனதும் நெற்றியில் வேர்க்கும். ராமன் சார் அப்போதுதான் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றுவார்.

“தம்பி, இன்னிக்கு மீனோட கன்னத்துச் சதை இருக்கு, போடவா?” என்று அக்கா கேட்பாள்.

“அதுக்குத்தானே நாலு மாடி இறங்கி வந்தேன்” என்பார்.

இப்படி இருந்தவர் ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வெளியே மழை. போர்வைக்குள் கதகதப்பு. அன்று போனால் மாதக் கடைசிப் புகார்களை எல்லாம் உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும். மானேஜருக்குப் போன் செய்து, குரலைக் கொஞ்சம் இறக்கி, “வயிறு சரியில்ல சார்” என்றார்.

“என்ன சாப்பிட்டீங்க?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. பொய்க்கு ஒரு விலாசம் தேவைப்பட்டது. வாயில் வந்ததைச் சொன்னார்.

“சனிக்கிழமை அந்த மூணாவது கடையில மீன் சூப்பு குடிச்சேன் சார். அதுதான்னு நினைக்கிறேன்.”

“அடடா. ரெஸ்ட் எடுங்க, ராமன்.”

அன்று காலை அவர் மனைவி வைத்த பலகாரத்தை ஒரு கை பார்த்துவிட்டு மத்தியானம் வரை தூங்கினார்.

மறுநாள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கணக்குப் பிரிவு அம்மா எழுந்து வந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒருவர் வெந்நீர் கொடுத்தார். அப்புறம்தான் தெரிந்தது, மானேஜர் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார்: ‘மூன்றாவது கடை மீன் சூப் சாப்பிடுகிறவர்கள் ஜாக்கிரதை. நம் ராமனுக்கே ஒத்துக்கொள்ளவில்லை.’ அதற்குக் கீழே இரண்டாம் மாடிக்காரர் ஒருவர், தனக்கும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வயிறு ஒரு மாதிரி இருப்பதாக எழுதியிருந்தார். இன்னொருவர், அந்த மீன் போன வாரமே வாடை அடித்ததாக எழுதியிருந்தார். நாற்பது பேர் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

ராமன் சார் அந்த வெந்நீரைத் தொடவில்லை. ரெண்டு நாளில் எல்லாம் மறந்துவிடுவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனை எடுத்தார். எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று வழக்கம்போலக் கேட்டு எழுதினார்.

யாரும் மறக்கவில்லை. வியாழக்கிழமை மதியம் அவர் கீழே போனபோது மற்ற பத்துக் கடைகளிலும் உட்கார இடமில்லை. மூன்றாவது கடை ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. நுரை தள்ளும் பெரிய பானைக்குப் பக்கத்தில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“வாங்க தம்பி. நீங்களாவது வந்தீங்களே.”

கிண்ணம் வந்தது. அவர் தலையைத் தூக்காமல் குடித்தார். அக்கா பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

“உங்க கட்டடத்துல யாருக்கோ எங்க சூப்பால முடியாமப் போச்சாமே. யாருன்னு தெரியுமா? வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வரலாம்னு இருக்கேன். குழந்தை குட்டிக்காரங்களா இருந்தா பாவமில்லையா.”

அப்போதே சொல்லியிருக்கலாம்.

“தெரியலக்கா” என்றார்.

“என் கூடப் பொறந்த தம்பிதான் மீன் போடுறான். பதினாறு வருஷமா அவன் மீன்தான். நேத்து எல்லார் முன்னாடியும் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்துட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனாலும் மனசு கேக்கல, இனிமே வேணாம்னு சொல்லிட்டேன். பெட்டியை மூடித் தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப போன் பண்ணினா எடுக்க மாட்டேங்குறான்.”

மீசைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி, யாரும் கேட்காத பூண்டை வறுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“பொய் சொல்லணும்னா என் சமையல் மேல சொல்லியிருக்கலாமே. நானா கடை வச்சிருக்கேன், ஆள் வராமப் போறதுக்கு?”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. ஆனாலும் உண்மையைச் சொல்லாமலே காரியத்தைச் சரிசெய்யத்தான் முதலில் பார்த்தார். மறுநாளிலிருந்து எல்லோரும் பார்க்கும்படி மூன்றாவது கடையின் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். “என்ன சுவை, என்ன சுவை” என்று போகிறவர் வருகிறவர் காதில் விழும்படி சொன்னார். இரும்பு வயிறு என்று சிரித்துக்கொண்டு அவர்கள் பத்தாவது கடைக்குப் போனார்கள். மானேஜரிடம், “ஒருவேளை சூப்பா இருக்காது சார்” என்று இழுத்துப் பார்த்தார்.

“உங்களுக்கு இளகின மனசு, ராமன். அந்தம்மாவுக்காகப் பூசி மெழுகாதீங்க” என்றார் மானேஜர்.

கட்டின பொய்யை எல்லோரும் அப்படியே நம்பினார்கள். அவிழ்க்கப் போனால் அது நல்ல குணம் என்கிறார்கள். அன்று மத்தியானம் போன் மணி அடிக்க அடிக்க எடுக்காமல் உட்கார்ந்திருந்தவர், எழுந்து நேராக மானேஜர் அறைக்குள் போய் நின்றார்.

“சார், அன்னிக்கு எனக்கு வயித்துல ஒண்ணுமில்ல. வர சோம்பலா இருந்துச்சு. வீட்ல படுத்துத் தூங்கினேன்.”

மானேஜர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் என் பேரைப் போட்டு எழுதிட்டேனே” என்றார். “நீங்களே குழுவுல போட்டுடுங்க.”

போட்டார். நான்கு வரி எழுத அரை மணி நேரம் ஆனது. யாரும் பதில் எழுதவில்லை. பார்த்ததற்கான நீலக் கோடுகள் மட்டும் விழுந்துகொண்டே இருந்தன. வயிறு ஒரு மாதிரி இருப்பதாகச் சொன்ன இரண்டாம் மாடிக்காரர் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார்.

அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போக வேண்டிய தேவை இல்லை, எப்போதும் கூட்டமில்லைதான். நின்றபடியே சொன்னார். அக்கா கரண்டியைப் பானைக்குள் விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

“அப்ப அன்னிக்கு நான் கேட்டப்ப?”

“அப்பவும் தெரியும்கா.”

“நிஜமாவே தூங்குனீங்களா? வேற ஏதாவது அவசரமா, ஆஸ்பத்திரி, கோர்ட்டு?”

“தூங்கத்தான் செஞ்சேன்.”

ஏதாவது பெரிய காரணம் சொல்லியிருந்தால் அவள் மன்னித்திருப்பாள் போலிருந்தது. அவர் தவறை விட, அதன் அற்பத்தனம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மீசைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, அத்தனை வருஷத்தில் முதன்முறையாக அவரிடம் ஒரு முழு வாக்கியம் பேசினார்.

“என் மச்சான்கிட்ட போய் இதையே சொல்லிட்டு வாங்க சார், மத்ததை அப்புறம் பார்ப்போம்.”

மறுநாள் காலை மீன் சந்தைக்குப் போனார். தண்ணீர் ஓடும் தரையில் செருப்பு வழுக்கியது. ஐஸை உடைத்துக்கொண்டிருந்த அக்காவின் தம்பி, கையை நிறுத்தாமலே காது கொடுத்தார். முழுவதையும் கேட்டுவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“மீன் சரியில்லன்னு நீங்க சொன்னதுல எனக்கு வருத்தமில்ல, நீங்க யாரோ. என் அக்கா மோந்து பார்த்தாங்க. பத்து பேர் முன்னாடி, மூஞ்சியைப் பெட்டிக்குள்ள விட்டு மோந்து பார்த்தாங்க. அதை நீங்க வந்து எப்படித் திருப்பி எடுப்பீங்க?”

வாடிக்கையாளர்கள் வழிவிடச் சொல்லி முதுகில் இடித்தும் ராமன் சார் அங்கேயே நின்றார். போகச் சொல்லியும் போகவில்லை. கடைசியில் அந்த ஆளே சலித்துப்போய், “சரி, போங்க. மீன் அனுப்பறேன். நான் வரமாட்டேன்” என்றார்.

சொன்னபடியே மீனை ஒரு ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பினார். குழுவில் எழுதிய நான்கு வரிக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. ஒரு வாரத்தில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அடுத்த மாதக் கடைசியில் ஸ்டூல் கிடைக்காமல் நின்றுகொண்டு குடித்தார்கள். எந்தக் கடை நன்றாக இருக்கும் என்று ராமன் சாரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. கணக்குப் பிரிவு அம்மா அவர் உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

அவரும் கடைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஓடி ஒளிந்தால் அது இரண்டாவது பொய்யாகிவிடும் என்று தோன்றியது. ஒரு மதியம் அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவின் தம்பி வந்துவிட்டார். ஐஸ் பெட்டியைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார். அக்கா ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள். காலி ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. அதுவும் ராமன் சாருக்கு எதிரில்.

இருவரும் ஒரே மேஜையில் குனிந்து சாப்பிட்டார்கள். எழுந்து போய்விட வேண்டும் என்று அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் மீன் அப்போதுதான் வெந்து, தொட்டால் இதழ் இதழாகப் பிரிந்தது. சூப்பில் மிளகு சரியாக ஏறியிருந்தது. வெட்கமில்லாத அவர் நாக்கு ஒரு சொட்டைக்கூட விடவில்லை.