எனக்கு என்றால் மீ

வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். அதே பட்டாசு ரொட்டிக் கடையில் அடுப்புக்காரனைக் கண்டால் மட்டும் நமத்துப்போகும். அவனுக்குத் தமிழ் தெரியாது, அவன் மொழி இவளுக்குத் தெரியாது. பொதுவாக இருந்தது இங்கிலீஷ், அதுவும் ஆளுக்கு அரைகுறை.

அவன் ரொட்டி சுட்டு இறக்குவான், இவள் உறையில் போடுவாள். முதல் ரொட்டியின் முனையை ஒடித்து, ஊதி, தினமும் இவளிடம் நீட்டுவான். அதற்கே மனசைப் பறிகொடுத்துவிட்டாள். திங்கள்கிழமை முதல் அவன் பக்கத்து ஊர்க் கிளைக்குப் போகிறான் என்று முதலாளியம்மா சொன்னதும் இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"போறதுக்குள்ள சொல்லிடுடி" என்றாள் அண்ணி. இங்கிலீஷில் அவள்தான் வீட்டுப் புலி.

"எப்படி அண்ணி? ஐ எது, மீ எதுன்னே குழம்புது."

"நான்னு வந்தா ஐ. என்னை, எனக்குன்னு வந்தா மீ. வினைச்சொல் நடுவுல. அவ்வளவுதான்."

"அப்ப 'நீங்க'?"

"அது எங்க வச்சாலும் யூ. மாறாது."

மாறாத ஒன்றாவது இருக்கிறதே என்று பட்டாசுக்கு நிம்மதி.

சனிக்கிழமை அவன் வழக்கம்போல முனையை நீட்டினான். அவள் வாங்காமல் மனசுக்குள் வாக்கியத்தை அடுக்கினாள். எனக்கு உங்களைப் பிடிக்கும். இதில் 'நான்' எங்கே? மருந்துக்குக்கூட இல்லை. எனக்கு என்றால் மீ. அண்ணி வாழ்க.

"யூ லைக் மீ" என்று போட்டு உடைத்தாள்.

அவன் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. காதுமடல் சிவக்க, "ஹவ் டு யூ நோ?" என்றான்.

அது காதில் விழுந்ததே தவிர மண்டையில் ஏறவில்லை. பட்டாசு கடைக்குப் பின்னால் ஓடி அண்ணிக்குப் போன் போட்டு, நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினாள்.

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி மக்கு! உனக்கு அவரைப் பிடிக்கும்னு சொல்லச் சொன்னா, அவருக்கு உன்னைப் பிடிக்கும்னு சொல்லியிருக்கே!"

"ஐயையோ, மானம் போச்சு! அதுக்கு அவர் என்னமோ கேட்டாரே?"

"'உனக்கு எப்படித் தெரியும்'னு கேட்டிருக்கார்டி."

பட்டாசுக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. சந்தோஷத்தில் கண் கலங்கியது. பக்கத்து ஊர் என்ன பெரிய தூரம், பஸ் இருக்கிறது.

"இப்பப் போய் எதை முன்னால வைக்கணும் அண்ணி, 'ஐ'யையா, 'யூ'வையா?"

"எதை வேணா வை. இனிமே ரெண்டும் சரிதான்."