தெரியாத கடல்

பழவேற்காடு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தாஹாவின் செல்போனில் அந்த வீடியோவைத் தீனா மறுபடியும் ஓடவிட்டான். அலைச்சறுக்குப் பலகைமேல் எழுந்து நிற்கப் பார்த்த ஒரு தடித்த மனிதர், அலை முறிந்ததும் தலைகுப்புற விழுந்து நுரைக்குள் காணாமல் போனார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் எழுந்து, மூக்கில் வழிந்த உப்புநீரைத் துடைத்தபடி சிரித்தார். தீனாவுக்கு அந்த இடம்தான் வேண்டியிருந்தது. கடலில் கவிழ்ந்த ஒருவர் எழுந்து நின்று சிரிக்கிற அந்த இடம்.

"வர்க்கலா மாமே. கேரளா," என்றான் தாஹா. "காலைல பத்து மணிக்கு மேலதான் டீக்கடையே தொறப்பான். நாள் பூரா ஷார்ட்ஸோட சுத்தலாம், கேக்க ஆள் கெடையாது. ரம்ஜான் முடிஞ்ச வாரம் எனக்கு லீவு கீது. ரெண்டு டிக்கெட் போட்டுர்றேன். இன்னா சொல்ற?"

"பலகை குடுத்துட்டு அப்டியே உட்ருவாங்களா?"

"கத்துக்குடுக்கிறவன் பக்கத்துலயே நிப்பான்டா. வர்றதுல பாதிப் பேருக்கு நீச்சலே தெரியாது." சொல்லிவிட்டு தாஹா ஏரியைப் பார்த்தான். நீந்தத் தெரியாத ஆள் தீனாவின் மீனவர் குப்பத்தில் யாரும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தீனா தண்ணீரில் கால் வைத்துப் பல மாதங்கள் ஆகின்றன என்பதும் தெரியும்.

போன ஐப்பசியில் மீன்பிடித் தொழில் முடிந்து திரும்பும்போது, முகத்துவாரத்து மணல் திட்டில் அலை தூக்கி அடித்து, தீனாவின் ஃபைபர் போட்டு கவிழ்ந்தது. அவனை அதே அலை கரையில் கொண்டுவந்து எறிந்தது. போட்டில் கூட இருந்த அக்கா புருஷன் மாணிக்கத்தின் உடலை மறுநாள்தான் வடக்கே கண்டெடுத்தார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு தீனா தொழிலுக்குப் புறப்பட்டான். போட்டைத் தள்ளக் கை வைத்ததும் முழங்கால் இரண்டும் தன்னுடையவை அல்லாதவை போல ஆடத் தொடங்கின. முதலில் முதுகில் தட்டிக்கொடுத்தவர்கள் பிறகு கிண்டல் செய்தார்கள். அப்புறம் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். இப்போது மீன் ஏலம் போடும் இடத்தில் ஐஸ் உடைக்கிறான். கடல் இரைச்சல் கேட்காத வேலை அந்த ஊரில் அது ஒன்றுதான். இயந்திரம் ஓடினால் வேறெதுவும் காதில் விழாது.

டிக்கெட் போட்டாகிவிட்டது. பொன்னேரிக்குப் போய் ஒரு நீல ஷார்ட்ஸ் வாங்கிவந்து பைக்குள் திணித்து வைத்தான். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து, செம்மண் குன்றுக்குக் கீழே வளைந்து கிடந்த வர்க்கலா கரையின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். அக்கா கஸ்தூரியிடம் எப்படிச் சொல்வதென்று மட்டும் தெரியவில்லை. சொல்ல வேண்டிய வேலையை தாஹாவின் தங்கை அஃப்ஷான் செய்துவிட்டாள். நண்டு வாங்க வந்தவள், "தீனா அண்ணனும் எங்க அண்ணனும் அலைல வெளையாடப் போறாங்களாமே அக்கா," என்று கஸ்தூரியிடம் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். தீனா உள்ளே நுழையும்போது நிமிரவில்லை.

"வெளையாடப் போறியாமே."

அவன் நின்றுவிட்டான்.

"ஒத்த கேள்வி. அங்க போனா எறங்குவியா?"

"எறங்கணும்னுதான்க்கா போறேன்."

"இங்க ஏன் எறங்க மாட்ற?"

"இங்க எல்லாரும் என் காலையே பாக்கறாங்கக்கா. நடுங்குதான்னு. அங்க நான் பயந்தா பயந்துட்டுப் போறேன். எவனுக்கும் என்னைத் தெரியாது. அந்தக் கடலுக்கும் தெரியாது."

கஸ்தூரி கத்தியைக் கீழே வைத்தாள். திட்டப் போகிறாள், அழப் போகிறாள் என்று அவன் இரண்டுக்கும் தயாராக நின்றான். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"ஊரு இன்னா வேணா சொல்லட்டும். நீ அங்க தண்ணியில இருப்ப. நான் இங்க போனைக் கைல வச்சிகினு குந்தினு இருக்கணும். அன்னிக்கும் அப்டித்தான் குந்தினு இருந்தேன், மீன் கொழம்பு கொதிச்சிகினு இருந்துச்சி." கையை முந்தானையில் துடைத்தாள். "காலைல வா. என் கண்ணு முன்னால எறங்கு. நீ திரும்பி வர்றத நான் பாக்கணும். பாத்துட்டேன்னா எங்க வேணா போ."

விடிந்து போட்டுகள் எல்லாம் போன பிறகு இருவரும் குப்பத்துக்குத் தெற்கே நடந்தார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடம். மாணிக்கத்தை எரித்த பிறகு கஸ்தூரி இந்தப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை. ஈர மணல் தொடங்கும் இடத்தில் அவள் நின்றுகொண்டாள்.

தீனாவின் கணுக்காலில் தண்ணீர் பட்டதும் நடுக்கம் வந்துவிட்டது. முழங்கால், தொடை, இடுப்பு என்று ஏறிற்று. முறிந்த அலை ஒன்று நெஞ்சில் அறைந்து அவனைப் பின்னுக்குத் தள்ளியது. வாயெல்லாம் மணல். திரும்பிவிடலாம் என்று தோன்றியது. அடுத்த அலை வந்தபோது, யோசிக்க நேரமில்லாமல், சின்ன வயதில் செய்ததைப் போல அவன் அதன் அடியில் தலையைக் கொடுத்தான். மேலே கூரை சரிவது போன்ற இரைச்சல். கவிழ்ந்த போட்டின் அடியில் கேட்ட அதே இரைச்சல். மாமா, என்று தண்ணீருக்குள் கத்தினான். உப்பு தொண்டைக்குள் இறங்கியது.

வெளியே வந்தபோது அலை முறியும் இடத்தைத் தாண்டியிருந்தான். இங்கே கடல் உடையவில்லை. மெல்லத் தூக்கியது, மெல்ல இறக்கியது. இருமினான். கை கால்கள் தாமாகவே நீந்திக்கொண்டிருந்தன. நடுக்கம் போகவில்லை. ஆனாலும் மிதந்தான். தாஹாவின் வீடியோவில் வந்தவரைப் போலச் சிரிக்க முயன்று பார்த்தான். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

அக்கா பார்த்திருப்பாளா என்று கரையைத் தேடினான். கஸ்தூரி நின்ற இடத்தில் அவள் இல்லை. கொஞ்சம் மேலே, உலர்ந்த மணலில், கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் அலைக்கடியில் மறைந்ததுமே திரும்பிவிட்டாள் போல. இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்தியிருந்தாள்.

"அக்கா!" என்று கத்தினான். முறிகிற அலை அந்தச் சத்தத்தை விழுங்கியது. அவளிடம் போக வேண்டுமானால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அவனுக்குப் பின்னால் கடல் மறுபடி உயர ஆரம்பித்தது. கரையில் குனிந்திருந்த அந்த முதுகு, முந்தானை காற்றில் அடித்துக்கொள்ள, அசையாமல் இருந்தது.