ஏணி வழக்கில் இரண்டாம் சாட்சி சொன்னது

1

ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். முந்தின நாள் துவைத்த சட்டையை இஸ்திரி போட்டேன். காலரில் ஈரம் இருந்தது, அப்படியே போட்டுக்கொண்டேன். எட்டு இருபது பஸ். நின்றுகொண்டே போனேன். ஒன்பதே காலுக்கு நீதிமன்றக் கதவைத் திறந்தார்கள். கம்ப்யூட்டர் மேல் மூடியிருந்த துணியை மடித்து இழுப்பறையில் வைத்தேன்.

இந்தக் கதையின் முதல் பத்தி இது. இதற்கு முன் மூன்று முறை வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன். ஒன்று: "நீதி என்பது". அதற்கு மேல் போகவில்லை. இன்னொன்று: "அவள் இல்லாத வீட்டில் விடிகிற". அதையும் விட்டேன். மூன்றாவதில் மழை பெய்தது. அன்று மழை இல்லை.

கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஒரு சின்னக் குற்றவியல் நீதிமன்றத்தில் தட்டச்சர். ஒரு வழக்கில், சாட்சி சொல்லாத ஒரு வாக்கியத்தை அவர் சொன்னதாக அடித்துவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு பெயின்டர் ஒரு வருடம் உள்ளே போக இருந்தார். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதை எப்படி எடுத்தேன் என்பது.

(சோகக் கதை என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். இதில் நிறைய பேர் சிரிக்கிறார்கள். நான் சிரித்தேனா என்பது பதிவில் இல்லை.)

2

எங்கள் வேலை நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

சாட்சி பேச்சுத் தமிழில் பேசுவார். நீதிபதி அதை எழுத்துத் தமிழாக்கிச் சொல்வார். நீதிபதி சொல்வதைத்தான் நான் அடிப்பேன். "மூஞ்சிலயே ஒண்ணு விட்டான் சார், ஒரே ரத்தம்" என்று சாட்சி சொன்னால், "எதிரி தனது வலது கையால் என் முகத்தில் தாக்கியதில் எனக்கு ரத்தக் காயம் ஏற்பட்டது" என்று பதிவாகும். எந்தக் கை என்று சாட்சி சொல்லியிருக்க மாட்டார். நீதிபதி கேட்பார்: "வலது கையா?" சாட்சி தன் இரண்டு கைகளையும் பார்ப்பார். "ஆமாங்க."

(குற்றம் சாட்டப்பட்டவரை எங்கள் பக்கம் எதிரி என்று எழுதுவோம். யாருக்கு எதிரி என்று கேட்காதீர்கள். நானும் சேர்ந்த புதிதில் கேட்டேன்.)

திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்களை விசைகளில் சேர்த்து வைத்திருந்தேன். எஃப் ஏழை அழுத்தினால் "இன்று ஆஜரில் உள்ள எதிரிதான் அந்த நபர் என அடையாளம் காட்டுகிறேன்" என்று வரும். எஃப் எட்டுக்கு "அந்த நபரை என்னால் அடையாளம் காட்ட இயலவில்லை". இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள். அப்போதிருந்த நீதிபதிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். "வழக்கமானதைப் போடுங்க" என்பார். சந்தர்ப்பத்தைப் பார்த்து நான் ஏழையோ எட்டையோ அழுத்துவேன்.

3

வழக்கு ஒரு ஏணியைப் பற்றியது. அலுமினிய ஏணி. ஒரு எலக்ட்ரீஷியன் கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் சுவர் மட்டும் இருந்தது. இரண்டு நாள் கழித்து, ஏணியோடு போன ஒரு பெயின்டரைப் போலீஸ் பிடித்தது. பெயின்டரிடம் ஏணி இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும் என்பதுதான் அவர் தரப்பு. ஆனால் அவர் மேல் பழைய திருட்டுத் தண்டனை ஒன்று இருந்தது. இந்த முறை நிரூபணமானால் ஒரு வருடம் நிச்சயம் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

ஏணி, சான்றுப் பொருள் ஒன்று என்ற சீட்டோடு, நீதிமன்ற மூலையில் சாய்ந்திருந்தது. பல்பு மாற்ற, ஒட்டடை அடிக்க எல்லாரும் அதில்தான் ஏறினோம்.

இரண்டாம் சாட்சி எதிர்க்கடைத் தையல்காரம்மா. ஏணியை ஒருவர் தூக்கிப் போனதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அவரை நான் கூட்டி எழுதுகிறேனோ? முதல் வரைவில் அவர் கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டேன். அன்று அவர் நாடாவோடு வரவில்லை. எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் அவரே சொன்னது.

அரசு வக்கீல் கேட்டார்: "ஏணியைத் தூக்கிட்டுப் போன ஆள் இங்க இருக்காராம்மா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"முகத்தை எங்கய்யா பாத்தேன். போறப்பதானே பாத்தேன். எல்லாரையும் முதுகைக் காட்டச் சொல்லுங்க."

நீதிபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அம்மா கேக்குறாங்க. திரும்புங்கப்பா."

பெயின்டர் திரும்பினார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் திரும்பினார். வேறு வழக்குக்கு வந்திருந்த இரண்டு பேர், எதற்கு வம்பு என்று அவர்களும் திரும்பினார்கள். பெயின்டரின் வக்கீல் ஏற்கெனவே முதுகைக் காட்டிக் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"தோ, இவர்தான். அதே தோள். வலது பக்கம் இறங்கியிருக்கு பாருங்க. இவருக்குச் சட்டை தைச்சா அந்தப் பக்கம் அரை இஞ்ச் பாத்துத்தான் வெட்டணும்."

அவர் காட்டியது வக்கீலை.

"அம்மா, நான் வக்கீல்."

"அதனால என்ன தம்பி. வக்கீல்னா ஏணி தூக்க மாட்டாரா?"

அடங்க நேரமாயிற்று. வக்கீலின் காது சிவந்திருந்தது. "ஐயா, தயவுசெஞ்சு இது பதிவுல வர வேண்டாம். வெளிய எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

தன் கட்சிக்காரரை விடுதலை பண்ணும் வரியை வேண்டாம் என்று கேட்கும் வக்கீலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சரி சரி. வக்கீலை விட்டுடுங்க. வழக்கமானதைப் போட்டு முடிங்க."

எட்டு அழுத்த வேண்டும். ஏழை அழுத்தினேன்.*

வாசித்துக் காட்டினேன். வாசிக்கும்போது எங்கள் எல்லாருக்கும் குரல் ஓடும், ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி. நீதிபதி அடுத்த கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை. "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் தம்பி" என்று கையெழுத்துப் போட்டார்.

* அன்று நான் வேலைக்குத் திரும்பி இரண்டாவது நாள். மனைவி இறந்து பதினெட்டாவது நாள். காரணமாகச் சொல்லவில்லை. தேதிக்காகச் சொல்கிறேன்.

4

அந்த நீதிபதிக்கு மாற்றல் வந்தது. சிரிப்பும் அவரோடு போய்விட்டது. புதிதாக வந்த அம்மா ஏணி வழக்கைக் காகிதத்தில் மட்டும்தான் பார்த்தார். பெயின்டரின் வக்கீல் வாக்குமூல நகலை வாங்கிப் பார்த்தாரா என்று தெரியவில்லை. பார்த்திருந்தால் தன் தோள் அதில் இல்லை என்ற நிம்மதியோடு மூடியிருப்பார்.

தீர்ப்பை எனக்குச் சொல்லிக்கொண்டே வந்த நீதிபதி, "இரண்டாம் சாட்சி எதிரியைத் தெளிவாக அடையாளம் காட்டியுள்ளார்" என்ற இடத்தில் நிறுத்தி மணி பார்த்தார். "சாப்பிட்டு வந்து தொடரலாம்."

பெஞ்ச் கிளார்க் அக்கா எதிரே டப்பாவைத் திறந்தபடி உட்கார்ந்தார். அவரிடம் சொன்னேன். அவர் மென்றுகொண்டே கேட்டார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்கு."

"அப்ப நீ சொல்லலைன்னா யாருக்கும் தெரியாது. சொன்னா மெமோ. சர்வீஸ் புத்தகத்துல ஏறும். எதுக்கும் யோசி."

"அந்த ஆளு உள்ள போயிடுவாருக்கா."

"போகட்டும்னா சொன்னேன்? யோசின்னேன்." ஒரு வாய் சாப்பிட்டார். "யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"அப்ப கையைக் கழுவிட்டுப் போ. அந்தம்மா தூங்குற நேரம் வந்துடும்."

(ஒரு வரைவில், நீதிபதி அறையில் நான் ஒரு பக்கத்துக்குப் பேசுகிறேன். "மேடம், எழுத்துக்கு ஒரு கடமை" என்று. அதைக் கிழித்துவிட்டேன். நடந்தது கீழே.)

"மேடம், அந்த வாக்கியம் சாட்சி சொல்லல."

"பின்ன?"

"எஃப் எட்டு அடிக்கணும். எஃப் ஏழு அடிச்சுட்டேன்."

பேனாவை மூடி வைத்தார். "புரியுற மாதிரி சொல்லுங்க."

சொன்னேன். முதுகு, சட்டை, அரை இஞ்ச், வக்கீல். முகம் மாறாமல் கேட்டார். முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்தத் தோள்?"

"வலது, மேடம்."

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் அவருடைய இரண்டு தோளும் குலுங்கின. திரும்பியபோது நீதிபதியாக இருந்தார்.

"எல்லாத்தையும் எழுத்துல குடுங்க. மெமோ வரும், பதில் எழுதுங்க. சாட்சியைத் திரும்பக் கூப்பிடுவோம்." நான் கதவருகே போனதும் கேட்டார்: "வேற எங்கயாவது இப்படிப் போட்டிருக்கீங்களா?"

"இல்லை, மேடம்."

5

தையல்காரம்மா இந்த முறை கண்ணாடியோடு வந்தார். தன் வாக்குமூலத்தைத் தானே படிப்பேன் என்றார். விரலை வைத்து வைத்துப் படித்தார். பதினோரு நிமிடம் ஆயிற்று. கடைசி பெஞ்சில் பெயின்டரின் மனைவி முந்தானையைப் பிடித்தபடி எழுந்து நின்றுவிட்டார். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"இந்தக் கடைசி வரி யார் சொன்னது?"

"நீங்க சொன்னதாத்தான் இருக்கும்மா" என்றார் அரசு வக்கீல்.

"'ஆஜரில் உள்ள'ன்னு என் ஆயுசுல நான் பேசினதில்ல. எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேளுங்க. இருபது வருஷமா நான் பேசுறதை மட்டும்தான் கேட்டுட்டிருக்காரு."

"சரிம்மா. ஏணியைத் தூக்கிட்டுப் போனது இந்தப் பெயின்டரா?"

பெயின்டர் கேட்காமலேயே திரும்பி நின்றார். தையல்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார்.

"இவர் இல்ல. ரெண்டு தோளும் சமமா இருக்கு. தைக்க லேசு."

அவ்வளவு நேரமும் பெயின்டரின் வக்கீல் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். வாதம் முடிந்து வெளியே போகும்போதும் பின்பக்கமாகவே நடந்து போனார்.

நீதிபதி சொல்லச் சொல்ல அடித்தேன். "தைக்க லேசு" என்பதையும் போடச் சொன்னார். ஏழாம் விசையையும் எட்டாம் விசையையும் அதற்கு முந்தின நாளே காலி செய்திருந்தேன்.

பெயின்டருக்கு விடுதலை. ஏணி, அவரிடமிருந்து எடுத்தது என்பதால், அவரிடமே போயிற்று. தோளில் ஏற்றிக்கொண்டு என் மேஜை அருகே நின்றார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, எதுக்கும் அந்த வக்கீலை ஒரு தடவை விசாரிச்சு வைங்க" என்றார். அவர் மனைவி, "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா வாங்க" என்று ஏணியின் பின்முனையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

அப்படியென்றால் ஏணியை எடுத்தது யார்? கதை எழுதுகிறவன் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். என்னிடம் மூன்று இருக்கின்றன. வக்கீல்தான் எடுத்தார். அல்லது பெயின்டரே எடுத்தார், தையல்காரம்மாவின் கண் பிசகியது. அல்லது எலக்ட்ரீஷியன் யாருக்கோ இரவல் கொடுத்துவிட்டு மறந்துபோனார், பெயின்டருடையது வேறு ஏணி. எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

6

"வேற எங்கயாவது இப்படிப் போட்டிருக்கீங்களா?"

இல்லை என்று சொன்னேன். அது சரியில்லை. இன்னோர் இடத்தில் போட்டிருக்கிறேன்.

காய்ச்சல் என்று மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்காம் நாள் போய்விட்டாள். அத்தை ஊரிலிருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "கடைசியா என்ன சொன்னா மாப்ளே?" என்று கேட்டார். நான் யோசிக்கவில்லை. "அம்மாவை நல்லாப் பாத்துக்கோங்கன்னு சொன்னா" என்றேன். வழக்கமானது. அத்தை அதைச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னார். மச்சினன் அதைப் போட்டோவுக்குக் கீழே அச்சடித்து மாட்டினான்.

ஏணி வெளியே போன அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன்.

"அத்தை, அவ அப்படிச் சொல்லல."

கத்தி நிற்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"என்னைப் பாத்துக்கச் சொல்ற ஆளா அவ? ஒரு நாள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குடுத்திருப்பாளா? அந்தப் போட்டோவைப் பாக்குறப்பல்லாம் யார் பெத்த பொண்ணோன்னு இருக்கு." ஒரு பிடி பீன்ஸை எனக்கு முன்னால் தள்ளினார். "நாரை உரி. அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

"என்ன சொல்றதுன்னு தெரியல. நிஜமா சொன்னது சொல்ற மாதிரி இல்ல."

"எப்படி இருந்தா என்ன. என் பொண்ணு பேசினதுதானே. சொல்லு."

இந்த இடத்துக்கு நான்கு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அத்தை அழுகிறார். ஒன்றில் சிரிக்கிறார். ஒன்றில் நான். நான்காவதில் பேச்சு இல்லை, பீன்ஸ் மட்டும். நான்கையும் எடுத்துவிட்டேன். கேட்ட பிறகு அவர் என்ன செய்தார் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரிந்த அத்தை ஒருவரை நினைத்துக்கொண்டு. என் பொறுப்பு சாட்சி சொன்னதை மட்டும் அடிப்பது. நான் ஆஸ்பத்திரிக் கட்டிலை ஒட்டி நின்றிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அவள் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"தள்ளி நில்லுடா. ஃபேன் காத்து வரல."